முடிஞ்சி போச்சி, மேஸ்திரி

எஞ்சின் இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் இருந்தது, பாதி தின்ற பன் இருந்தது, ஒற்றைச் செருப்பு இருந்தது. இன்னாசியைத்தான் காணோம்.

வேதமாணிக்கம் மேஸ்திரி பட்டறை நடுவில் நின்று பல்லைக் கடித்தார். இருபத்தாறு வருஷம் எஞ்சின்களோடு பழகிய ஆள். எஞ்சினை நம்புவார், மனுஷனை நம்பமாட்டார். அதிலும் இன்னாசியை நம்புவதைவிடக் கடல் தண்ணியை டாங்கியில் ஊற்றி லாஞ்சு விடலாம் என்பது அவர் கட்சி.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இக்னேஷியஸ். தண்டையார்பேட்டை அதைத் தேய்த்து இன்னாசியாக்கிவிட்டது. வயது முப்பத்தைந்து. பெண்டாட்டி பிலோமி, இரண்டு பிள்ளைகள். இது அவனுக்கு எட்டாவது பட்டறை. முந்தின ஏழிலும் ஒரே காரணத்துக்குத்தான் சீட்டைக் கிழித்தார்கள். ஒரு வேலையைத் தொட்டால் அதிலேயே நிற்கமாட்டான். போல்ட்டு முடுக்கிக்கொண்டிருப்பான். லேத்து சத்தம் கொஞ்சம் மாறினால் எழுந்து அங்கே போவான். போகிற வழியில் கதவு கிறீச்சென்றால் அதற்கு எண்ணெய் விடுவான். எண்ணெய் டின் ஒழுகினால் அதற்கு ஈயம் வைக்க உட்கார்ந்துவிடுவான். போல்ட்டு பாதியில் நிற்கும்.

"இன்னாடா தலை உன்னுது?" என்று ஒருநாள் மேஸ்திரி கேட்டே விட்டார்.

அவன் கோபப்படவில்லை. "உங்க தல ரயிலு மேஸ்திரி. தண்டவாளத்து மேலயே போவும். என் தல கட்டுமரம். அல தள்ற பக்கம்லாம் போவும். ஆனா கரைக்கு வந்துடுமில்ல?"

அந்தக் கட்டுமரம் கரைக்கு வந்து பார்த்ததாக மேஸ்திரிக்கு ஞாபகம் இல்லை.

இன்றைக்கு வந்தே ஆகவேண்டும். எஞ்சின் காசிமேட்டுத் தண்டபாணியின் மீன்பிடி லாஞ்சுக்கு உள்ளது. கரும்புகை கக்குகிறது, இழுவை இல்லை. நாலு மணிக்குக் கைவண்டியோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அண்ணன் தம்பி ஐந்து பேருக்கும் ஐந்து லாஞ்சு. ஒன்று தவறினால் ஐந்தும் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

மேஸ்திரி வெளியே எட்டிப் பார்த்தார். சந்துக்கு எதிரே அங்கம்மாவின் டீக்கடை. இன்னாசி ஒற்றைச் செருப்போடு குந்தி உட்கார்ந்து அவளுடைய பம்ப் ஸ்டவ்வைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தான். மணி ஒன்பதே கால்.

"டேய்! எஞ்சினைத் திறந்து போட்டுட்டு இங்க இன்னாடா பண்ற?"

"மேஸ்திரி, இங்க வாங்களேன். இந்த ஸ்டவ்வு பொகையுது பாருங்க. அப்டியே நம்ம எஞ்சினு மாதிரியே பொகையுது."

"டீக்கடை ஸ்டவ்வும் லாஞ்சு எஞ்சினும் ஒண்ணாடா?"

"ரெண்டும் எண்ணெ குடிக்கிற ஜாதிதானே மேஸ்திரி."

அங்கம்மா சிரித்தாள். "அவரு சொல்றதுல இன்னா தப்பு?"

"நீ டீய ஆத்து. எழுந்திர்றா!"

காலரைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து எஞ்சின் முன்னால் உட்கார வைத்தார். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. எதற்கும் முதலாளி காதில் போட்டு வைப்போம், நாளைக்குப் பழி நம் மேல் வராது என்று தபால் ஆபீசுக்குப் போனார். முதலாளி அருள்பிரகாசம் தூத்துக்குடியில் மச்சான் வீட்டில் இருந்தார். டிரங்க் கால் கிடைக்க ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது.

"நாலு மணிக்கு எஞ்சின் போகணும்," என்றார் முதலாளி, தூத்துக்குடியிலிருந்து குரலாலேயே எட்டிவிடுகிறவர்போல. "போகலன்னா, எவனால நின்னுச்சோ அவன் இன்னைக்கே வெளிய போகணும். அது நீயா இருந்தாலும் சரி. கேட்டுதா?"

சந்து முனையில் நின்றவர்களுக்கே கேட்டிருக்கும்.

மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பதினொன்று அடித்திருந்தது. பட்டறை வாசலிலேயே இன்னாசி நின்றான். முகமெல்லாம் கரி. கையில் ஏதோ ஒடிந்துபோன கம்பி. பின்னால் எஞ்சின்மேல் கோணிச்சாக்கு போர்த்தியிருந்தது.

"மேஸ்திரி," என்றான், "முடிஞ்சி போச்சி."

மேஸ்திரி அவனைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். அதைத் தூக்கிப் பார்க்க மனம் வரவில்லை. செத்தவன் முகத்துத் துணியை யார் ஆசையாக விலக்குவார்கள்?

"ஒடச்சிட்டியாடா பாவி!"

"ஆமா மேஸ்திரி, கடசீல ஒடஞ்சிடிச்சி, ஆனா அதுக்குள்ள..."

"வாயத் தெறக்காத! நீ வாயத் தெறந்தா ஒரு கேள்விக்கு ஒம்பது கதை வரும். போ. அங்கம்மா கடையில போய்க் குந்து. நான் கூப்புடாம உள்ள காலு வெச்ச, அவ்ளோதான்."

"சரி மேஸ்திரி. அந்த எஞ்சினு..."

"எஞ்சின்ற வார்த்தையே உன் வாயில வரக் கூடாது!"

இன்னாசி தலையைச் சொறிந்துகொண்டு சந்தைத் தாண்டினான்.

மேஸ்திரி அடுத்த பஸ் ஏறிக் காலடிப்பேட்டைக்குப் போய் லியோனார்டைக் கூட்டி வந்தார். லியோனார்ட் சர்டிபிகேட் வாங்கிய ஃபிட்டர். வெள்ளைச் சட்டை, தோல் பை, பைக்குள் தடித்த புஸ்தகம். வேலை தெரிந்தவன் சட்டை இவ்வளவு வெள்ளையாக இருக்காதே என்று மேஸ்திரிக்கு ஒரு நினைப்பு வந்தது. ஆனால் மூழ்குகிறவன் சட்டை நிறம் பார்ப்பானா?

லியோனார்ட் சாக்கை விலக்கினார். எஞ்சின் ஒழுங்காக மூடி, எல்லா நட்டும் முடுக்கி இருந்தது.

"மூடித்தானே இருக்கு?"

"ஏமாத்துறான் சார். உள்ள ஒடச்சிட்டு மேல மூடி வெச்சிருக்கான். அவன் வேல எனக்குத் தெரியாதா?"

லியோனார்ட் தொட்டுப் பார்த்தார். "லேசா சூடா இருக்கே."

"தகரக் கூரை சார். பன்னெண்டு மணிக்கு இங்க நானே சூடாத்தான் இருப்பேன்."

"ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாமா?"

"ஐயோ, வேணாம்! உள்ள ஒடஞ்சது சுத்திச்சின்னா மொத்தமும் போயிடும். முடிஞ்சி போச்சின்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்."

லியோனார்டுக்கும் அதுதான் பிடித்திருந்தது. புஸ்தகத்தில் முதல் பக்கமே பிரிப்பதைப் பற்றித்தான். தார்ப்பாயை விரித்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்பீஸில் நம்பர் போட்டு வரிசையாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மேஸ்திரிக்கு மனசு குளிர்ந்தது. வேலை என்றால் இது. ரயில் போகிற மாதிரி.

வாசலில் நிழல் தட்டியது. "மேஸ்திரி, நான் ஒண்ணே ஒண்ணு..."

"போ!"

நிழல் போய்விட்டது. பத்தொன்பதாவது நம்பரின்போது மறுபடி வந்தது.

"மேஸ்திரி, இன்னாத்துக்கு உள்ள சத்தம்..."

"போறியா, ஸ்பேனர விட்டு அடிக்கவா?"

அதற்குப்பிறகு நிழல் வரவில்லை. டீக்கடை பெஞ்சில் ஒரு கால் ஆடியிருக்க வேண்டும். இன்னாசி பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பெஞ்சு முடிந்ததும் அங்கம்மாவின் டிரான்சிஸ்டரைத் திறந்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை ஒன்று முடிந்தால் முடிந்ததுதான், தலையில் நிற்காது.

"இன்னா சார், கெடச்சிதா?" என்றார் மேஸ்திரி, முப்பதாவது நம்பரில்.

"இதுவரைக்கும் எல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்போ கோளாறு இன்னும் உள்ள கீது."

நாற்பத்தைந்தாவது நம்பரில், "எண்ணெய் பீச்சுற நாசில்கூட துடைச்சு வச்ச மாதிரி இருக்கே," என்றார் லியோனார்ட்.

"இன்னும் உள்ள பாருங்க சார். அவன் சாமானியப்பட்டவன் இல்ல."

அறுபத்து மூன்றில் உள்ளே பார்க்க ஒன்றும் மிச்சம் இல்லை. லியோனார்ட் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"கோளாறுன்னு எதுவும் இல்ல. திரும்பிச் சேர்க்க ரெண்டு நாள் ஆகும்," என்றார், மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர்போல.

அந்த நேரம் பார்த்துக் கைவண்டி வந்து நின்றது. தண்டபாணி நாலு ஆட்களோடு உள்ளே வந்தார். தார்ப்பாயைப் பார்த்தார். வரிசையாக இருந்த நம்பர்களைப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி இது? எஞ்சின் கேட்டா சந்தையில கருவாடு மாதிரி பரப்பி வெச்சிக்கினு கீற? நாலு லாஞ்சு கெளம்பி நிக்கிது, என்னுது மட்டும் கரையில கெடக்கணுமா?"

"நாந்தான் இன்னா பண்றது? எல்லாம் ஒருத்தன் செஞ்ச வேலை." மேஸ்திரி சந்தைப் பார்த்துக் கத்தினார். "டேய் இன்னாசி! வாடா உள்ள!"

இன்னாசி டிரான்சிஸ்டர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான். தார்ப்பாயைப் பார்த்ததும் வாய் பிளந்தது.

"மேஸ்திரி, இன்னாத்துக்கு இத..."

"மூடு! தண்டபாணி, நீயே சாட்சி. முதலாளி டிரங்க் கால்ல சொல்லிட்டாரு. இந்த எஞ்சினு எவனால நின்னுச்சோ, அவன் இன்னைக்கே இந்தப் பட்டறைய விட்டு வெளிய போகணும். அதுல மாத்தமே கெடையாது. சத்தியமா சொல்றேன்!"

"கரெக்டு," என்றார் தண்டபாணி. "அவன வெளிய அனுப்புனாத்தான் மத்த நாலு லாஞ்சும் இங்க வரும்."

இன்னாசிக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அதற்குள் குந்தி உட்கார்ந்துவிட்டான். பதினேழை எடுத்து நாற்பதோடு மாட்டினான், ஐந்தை அதன் மேல் வைத்தான். லியோனார்ட் "வரிசை, வரிசை" என்று பதறினார். வரிசை எங்கே இருந்தது என்று இன்னாசி பார்க்கவேயில்லை.

காலி கிளாஸ் எடுக்க அங்கம்மா உள்ளே வந்தாள். கும்பலைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள், மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா மேஸ்திரி, என் ஸ்டவ்வுக்குக் குத்துன கம்பியாலயே இதுக்கும் குத்தி, என் கடை கிளாசு எல்லாம் தடதடன்னு ஆடற மாதிரி காலையில பத்தரைக்கே ஓட வெச்சிட்டு, முடிஞ்சி போச்சின்னு உங்களாண்ட வந்து சொன்னாரே இன்னாசி அண்ணன், ஓடுன எஞ்சின யாரு பிரிச்சிப் போடச் சொன்னது?"