சிரிக்கக் கூடாது என்று சொன்ன ஓவியன்

பிறருடைய துன்பத்தை வரையப் புறப்பட்ட இளம் ஓவியனைப் போலத் தொல்லை பிடித்த ஆள் உலகத்தில் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஆள் நான்தான்.

கொழும்பில் சித்திரம் படித்துவிட்டு, ஆசிரியர் வேலை கிடைத்து வட்டக்கச்சிப் பக்கம் வந்திருந்தேன். தலைமுடி தோள்வரை. (கலைக்கு அது அவசியம் என்று நினைத்திருந்தேன்.) அயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வயல் கூலிக்காரரின் பிள்ளைகளைச் சாதி சொல்லித் தரையில் இருத்தினார்கள். பெற்றோர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்களே மண்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்து ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். முன்னுக்கு நின்றவர் பாக்கியம் அக்கா.

"மாஸ்டர், சுவரில கொழுவ எங்கட படம் ஒண்டு கீறித் தாங்கோ" என்று கேட்டார்.

குறித்த காலையில் அவரும் ஐந்து பெண்களும் பூப்போட்ட சேலை கட்டி, பவுடர் பூசி, வயலோரம் வந்து நின்றார்கள். எனக்கு நெஞ்சே உடைந்துவிட்டது.

"இதென்ன கோலம்? கிழிஞ்ச சேலையளைக் கட்டிக்கொண்டு வாங்கோ."

"கிழிஞ்சதோ? படத்துக்கோ?"

"ஓம். சிரிக்கவும் கூடாது."

பாவம், மாற்றிக்கொண்டு வந்தார்கள். மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள். அதை ஒடுக்கப்பட்டோரின் ஓலமாக வரைந்தேன். முடிந்ததும் என் மேதைமையைத் தள்ளி நின்று ரசிக்க ஓரடி பின்னால் வைத்தேன். இன்னோரடி. மூன்றாவது அடி வைக்க வயல் வரம்பு இருக்கவில்லை.

நடவுக்கு மிதித்து வைத்திருந்த சேற்றில், மல்லாக்க! வாய்க்குள் பாதி வயல்.

காலையிலிருந்து அடக்கிய சிரிப்பெல்லாம் ஒன்றாக வெடித்தது. தூக்க இறங்கிய இருவரும் சிரித்த வேகத்தில் என் மேலேயே விழுந்தார்கள்.

பாக்கியம் அக்கா தன் கிணற்றடியில் என்னைக் கழுவி எடுத்து, இடுப்பில் உடுக்கக் கணவரின் சாரத்தைத் தந்தார். அவர் நெடுவல், நான் குள்ளம். சாரத்தை நெஞ்சில் முடிந்துகொண்டு நின்றேன். அக்கா வாசலில் தயங்கினார்.

"எங்கட வீட்டில தேத்தண்ணி குடிப்பியளோ, மாஸ்டர்?"

அவர் அப்படிக் கேட்கவேண்டி இருந்ததே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. இரண்டு குவளை குடித்தேன். அதன் பிறகுதான் அவருக்குப் படத்தைப் பற்றிச் சொல்லத் துணிவு வந்தது.

"பிள்ளையள் படிக்க வாற இடம். அதில நாங்கள் செத்தவீட்டில நிக்கிறமாதிரி நிண்டால், எந்தப் பிள்ளை உள்ளுக்கு வரும்?"



"நாளைக்குப் பூச்சேலையோட வாங்கோ அக்கா" என்றேன்.

"சிரிக்கலாமோ?"

"உங்கட விருப்பம்."

மறுநாள் என் முகத்தைக் கண்டதுமே தொடங்கிவிட்டார்கள். திறப்பு விழாவில் மாட்டிய படத்தில் ஆறு பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். அவர்கள் கட்டாயப்படுத்தியதால், கீழ்மூலையில் சேற்றிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை யாருடைய கால்கள் என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேரை வரைந்துவிட்டேன். எப்படி நிற்க விருப்பம் என்று கேட்காமல் யாரையும் வரைந்ததில்லை. பாக்கியம் அக்காவுக்கு அந்த அளவு நன்றி என்னிடம் உண்டு.

என் மனைவிக்கு அந்த உணர்ச்சியெல்லாம் கிடையாது. வீட்டில் வரைந்த படத்தைப் பார்க்க நான் ஓரடி பின்னால் வைத்தால் போதும், குசினிக்குள்ளிருந்து குரல் வரும்:

"இஞ்சாருங்கோ, வயல்!"