கட்டைவிரல் சோதனை

"இறுக்கமா இருக்கே," என்றார் முதலாளி.

கையளவு கேமரா ஒன்றின் மேல்மூலையில் இருந்த சக்கரத்தைத்தான் சொன்னார். படத்தில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் கட்டைவிரலால் திருப்புகிற சக்கரம். அடியில் கடுகளவு எஃகுக் குண்டு, அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங். குண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது 'டக்'கென்று விரலுக்குத் தெரிய வேண்டும். எட்டு மாதமாக இன்ஜினியர் இந்த 'டக்'கோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

"குடுக்கும்போதே சொன்னேனே சார், எடுத்தவுடனே கொஞ்சம் இறுக்கமா தோணும், போகப் போகச் சரியாயிடும்னு."

"வாங்குறவன் போகப் போகன்னு காத்துக்கிட்டிருப்பானாய்யா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா சக்கரமே வேண்டாம், எல்லாத்தையும் திரையிலயே தொட்டுக்கட்டும். நீங்க குடோனுக்குப் போய் அட்டைப்பெட்டி அடுக்கலாம்."

சொன்னால் செய்கிற மனிதர். லென்ஸ் மூடியில் கோட்டை விட்டவர் போன வருஷத்திலிருந்து குடோனில்தான் இருக்கிறார்.

அன்றே மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏங்க, சக்கரம் பைக்குள்ளயே தானா சுத்திக்குது. வெளிச்சம் தாறுமாறா ஏறிப்போய் அக்கா முகம் வெள்ளையடிச்ச சுவராட்டம் வந்திருக்கு."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"எதுக்கு? முகத்துல ஒரு சுருக்கம்கூடத் தெரியலையாம். பெரிசா பிரின்ட் போட்டுத் தரச் சொன்னா."

அக்காவுக்குப் பிடித்து என்ன புண்ணியம்? செவ்வாய்க்கிழமை முதலாளி முன்னால் போய் நின்றதுமே இன்ஜினியர் வாயைத் திறந்தார். "பையில போட்டா கொஞ்சம் தானா சுத்தும் சார்."

முதலாளி இரண்டு முறை திருப்பினார். "ரொம்ப லூஸுய்யா."

ஸ்பிரிங்கை விட்டுவிட்டுக் குண்டைப் பெரிதாக்கினார். பள்ளத்தை ஆழமாக்கினார். சாயங்காலம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் படம் எடுக்கலாம் என்று மெல்ல நெருங்கிச் சக்கரத்தைத் திருப்பினார். குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்து, ஊரைக் கூட்டியது.

"ரெண்டு மணி நேரம் தட்டித் தட்டித் தூங்க வெச்சேன்," என்றாள் மனைவி. "இது கேமராவா, கதவுத் தாழ்ப்பாளா?"

புதன்கிழமை முதலாளியிடம் கேமராவை நீட்டும்போதே, "சத்தம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும் சார்," என்றார்.

"தூக்கலா? காதைப் பிளக்குதேய்யா."

சத்தத்தைக் குறைக்கக் கிரீஸ் வைத்தார். சத்தம் போயிற்று, கூடவே 'டக்'கும் போயிற்று. அலுவலகத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பத்துக் கட்டைவிரல்கள், பதினோரு அபிப்பிராயங்கள். கணக்காளர் மட்டும் இரண்டு சொன்னார். வியாழக்கிழமை, "கிரீஸ் புதுசு சார், கொஞ்சம் வழுக்கும்," என்று கொடுத்ததற்கு, "வழுக்குதே," என்று திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிரீஸைத் துடைப்பதற்காகச் சக்கரத்தைக் கழற்றினார். ஸ்பிரிங் துள்ளிப் பறந்தது. எங்கே போனதென்று அதற்கே தெரியாது. நல்ல உத்தியோகத்தில் இருக்கிற மனிதர் மேசைக்கு அடியில் மண்டியிட்டு அரைமணி நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். முதலாளியைப் பார்க்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. இழுப்பறையில் மிச்சமிருந்தது திங்கட்கிழமை வேண்டாமென்று திரும்பி வந்த அந்த முதல் ஸ்பிரிங்கும் பழைய குண்டும்தான். பழைய சக்கரத்தோடு அவற்றையே மாட்டிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"குடோனுக்குத்தான் போகப் போறேன்போல."

"போங்களேன். அங்க ஆறு மணிக்கு மேல யாரும் இருக்கமாட்டாங்க. எட்டு மாசமா நான் என்ன பேசினாலும் உங்க விரல் எதையாவது திருகிக்கிட்டே இருக்கு. நேத்து என் வளையலைத் திருகிட்டு இருந்தீங்க. நீங்க வீட்டுக்கு வந்தாப் போதுங்க எனக்கு."

அவருக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் முதல் நாளிலிருந்து அவருக்குப் பிடித்தது இந்தப் பழைய ஸ்பிரிங்தான். அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்று உள்ளே போனார்.

"என்னய்யா, இன்னிக்கு என்ன?" என்றார் முதலாளி.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இதைவிட நல்லா என்னால பண்ண முடியாது."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினார். இன்ஜினியர் மனத்துக்குள் அட்டைப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்.

"அடடா," என்றார் முதலாளி. "இதைத்தானய்யா நான் திங்கட்கிழமையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வெளியே முதலாளியின் உதவியாளரான பெண்மணி முத்திரை குத்துவதற்காகக் காகிதத்தை வாங்கினார். இன்ஜினியருக்கு மனது கேட்கவில்லை.

"ஏம்மா, திங்கட்கிழமை இறுக்கம்னு திருப்பி அனுப்பினாரே, அதே சக்கரம்தான் இது. ஒண்ணுமே மாத்தலை. இன்னிக்கு மட்டும் எப்படிம்மா பிடிச்சுது?"

அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரையைக் குத்தினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நரம்பு போனதுலேர்ந்து அவருக்கு வலது கட்டைவிரல்ல உணர்ச்சியே கிடையாதுங்க, கொண்டுவர்றவங்க வாயால என்ன சொல்றாங்களோ, அதைத்தான் திருப்பிச் சொல்லுவாரு."