ஜமுனாமரத்தூரில் எழுந்த சித்தர்

திரையில் ஒரு கல்லறை தெரிந்தது. மண் மெல்ல அசைந்தது. உள்ளேயிருந்து ஐந்து விரல்கள் வெளியே வந்தன.

புரொஜக்டருக்குப் பின்னால் நின்ற ஆதிநாராயணன் திரையை எட்டிப் பார்த்தான். அவன் போட்டது அம்மன் படம். குறைந்தபட்சம், அப்படித்தான் நினைத்துப் போட்டான். வேலூர்ப் படக் கம்பெனியிலிருந்து வரவேண்டிய பெட்டி, மலைப் பாதையில் பஸ் மக்கர் செய்ததால் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லை.

அது எண்பத்தொன்றாம் வருஷத்து ஆடி மாதம், சந்தை நாள். வந்தவர்கள் இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்பதால் சினிமாக் கொட்டாயின் ஓட்டைகளைக் கம்பளியால் மூடிப் பகல் ஆட்டம் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் ஊர்க்கவுண்டர் மாதையன் மடியில் கற்பூரத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். கொட்டாய் போட அவர்தான் அனுமதி தந்தார், சாமி படம் மட்டும்தான் என்ற கட்டளையோடு. போன வருஷம் வேறொருவன் ஏதோ ஆட்டப் படம் காட்டி, பத்தாவது நிமிடம் கொட்டாய்க் கயிறு அறுக்கப்பட்டு, கித்தானுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த கதை ஆதிநாராயணனுக்குத் தெரியும்.

கல்லறையிலிருந்து முழு ஆள் எழுந்துவிட்டான். பாதி முகம் இல்லை.

"ஏம்பா!" என்று மாதையன் திரும்பினார். "யாரு இது?"

ஆதிநாராயணன் படத்தின் சத்தத்தைக் குறைத்து, விளம்பரம் சொல்லும் மைக்கைப் பிடுங்கினான்.

"இவர் ஒரு சித்தருங்க. முந்நூறு வருஷமா ஜீவசமாதியில இருந்தாரு. இப்பத்தான் எழுந்து வர்றாரு."

மாதையன் எழுந்து நின்று கும்பிட்டார். ஆண்கள் பக்கம் முழுவதும் எழுந்து கும்பிட்டது. பெண்கள் பக்கம் மட்டும் அசையவில்லை. எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பயந்துவிட்டார்கள், இப்போது அழப்போகிறார்கள் என்று ஆதிநாராயணன் எண்ணினான்.

அடுத்த காட்சியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குளத்தில் இறங்கினாள். மேலே போட்டிருந்தது சொற்பம். அதையும் கழற்றக் கையை வைத்தாள்.

அவன் பாய்ந்து லென்ஸைக் கையால் மூடினான். கொட்டாய் இருண்டது.

"இன்னாப்பா ஆச்சு?"

"அம்மன் நீராடுறாங்க. ஆம்பளைங்க பாக்கக்கூடாது!"

"அடடே, அம்மனே வந்துட்டாளா! ஆரத்தி காட்ட வேணாமா?"

"குளிக்கும்போது வேணாங்க!"

மாதையன் யோசித்தார். "சரிதான். ஆம்பளைங்கல்லாம் கண்ண மூடிக்குங்க. பொம்பளைங்க பாக்கட்டும், நீ கைய எடு."

கையை எடுக்க வேண்டியதாயிற்று. பெண்கள் பக்கம் தோள்கள் குலுங்கின. தேம்புகிறார்கள். ஆதிநாராயணனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முதல் ஃபிலிம் டப்பா முடிந்தது. இரண்டாவதும் இப்படித்தான் இருக்கும் என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றாவதை மாட்டினான். அதில், எடுத்த எடுப்பிலேயே, ஒரு மொட்டைத்தலை டாக்டர் ரம்பத்தால் ஒரு கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

"அரக்கி தலைய எடுக்குறாருங்க," என்றான் மைக்கில். குரல் கீச்சென்று வந்தது.

டாக்டர் அந்தத் தலையைக் கண்ணாடி ஜாடியில் வைத்தார். தலை கண் திறந்து பேசியது.

"அரக்கிக்குச் சாகாவரம்!"

"அப்ப இந்த மொட்ட சாமிக்கு எவ்ளோ சக்தி இருக்கணும்!" என்று உருகிய மாதையன் கற்பூரத்தை ஏற்றினார். தட்டு ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். சித்தர் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து டாக்டரின் குரல்வளையைக் கடித்துத் துப்பினார். டாக்டர் விழுந்து செத்தார்.



"சாமி செத்துப்போச்சா?" மாதையன் தட்டைத் தரையில் வைத்தார். "ஆரத்தி காட்டும்போதே செத்துப்போச்சா? ஊருக்கு இன்னா கேடு வரப்போவுதோ! டேய், அந்த சாமி உயிரோட வர்ற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக்கூடாது. நீயும் எங்கியும் போவக்கூடாது!"

இரண்டு பேர் புரொஜக்டருக்கு இருபுறமும் வந்து நின்றார்கள். ஒருவன் இடுப்பில் கொடுவாள்.

மூன்றாவது முடிந்ததும் ஆதிநாராயணன் நாலாவது டப்பாவை மாட்டினான். அதில் டாக்டரைப் புதைத்தார்கள், எழவில்லை. சித்தர் எரிந்தார். படம் முடிந்தது. மாதையன் அசையவில்லை. கொடுவாள்காரன் ஒரு அடி நெருங்கினான்.

அப்போதுதான் கீழே கிடந்த இரண்டாவது டப்பா ஆதிநாராயணன் காலில் இடறியது. அவசரத்தில் ஃபிலிமை மூன்று முறை தவறவிட்டு, நாலாம் முறை மாட்டினான். திரையில் மொட்டை டாக்டர், ஒரு சிராய்ப்புகூட இல்லாமல், காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"எழுந்துட்டாருங்க!" என்று மைக்கில் அலறினான்.

மாதையன் கண்ணில் நீர் வழிந்தது. தேங்காய் உடைத்தார். ஆண்கள் விழுந்து கும்பிட்டார்கள். டப்பா ஓடி முடிந்ததும் மாதையன் ஆதிநாராயணனின் தோளைத் தட்டி, "இந்த மாதிரி சாமி படம் நான் பாத்ததே இல்லப்பா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆதிநாராயணன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நிமிர்ந்தபோது எதிரே மாதையனின் மனைவி பெரியம்மாள் நின்றாள். பின்னால் பக்கத்து வீட்டு மங்கம்மாளும் ஏழெட்டுப் பெண்களும்.

"தம்பி, அந்த ஜாடியில இருந்த தல, டாக்டரு பொண்டாட்டி தலதானே?" என்றாள் பெரியம்மாள்.

"இல்லக்கா, கொழுந்தியா தல," என்றாள் மங்கம்மாள். "பொண்டாட்டிதான் கொளத்துல குளிச்சா."

"குளிச்சவளுக்குக் கழுத்துல மச்சம் இருந்துச்சுடி. ஜாடியில இருந்ததுக்கு இல்ல."

"அறுத்தா மச்சம் கீழ போயிடும் இல்ல?"

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கடித்தவன் டாக்டரின் அண்ணன் என்றாள் ஒருத்தி. இல்லை, பழைய நோயாளி என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டாவது டப்பாவ எடத்துல போட்டிருந்தா புரிஞ்சிருக்கும்," என்று பெரியம்மாள் அவனை முறைத்தாள். "கெடுத்துட்டே. அதுல குறுக்க குறுக்க மைக்கு வேற."

ஆதிநாராயணன் சட்டென்று அவள் காலருகே குனிந்துவிட்டான்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. அது சாமி படமே இல்ல, பேய்ப் படம். கம்பெனிக்காரங்க டப்பாவ மாத்தி அனுப்பிட்டாங்க. ஊர்க்கவுண்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

பெரியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். புருஷன் தூரத்தில், புளி மூட்டைகளுக்கு நடுவே, யாருக்கோ கை கூப்பிச் சித்தர் எழுந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாத்தி ஒண்ணும் அனுப்பல, தம்பி. ஆசுபத்திரிக்குப் போனப்ப இந்தப் படத்த வேலூர்ல நான் ஆரம்பத்த மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா, இவளுங்க ஒருத்தியும் நம்பல. வாத்தியார் சம்சாரத்த வுட்டுக் கம்பெனிக்குக் கடுதாசி எழுதி, அம்மன் படம் வேணாம் இத அனுப்புன்னு சொன்னதே நாங்கதான் — நீ எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதே!"