மூன்று பாஷைக்கு ஒரே சொல்

"கொன்வெர்சார்" என்றாள் லூர்தெஸ். மற்ற இருவரும் தலையாட்டிச் சிரித்தார்கள்.

கனகசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கனடாவில், ஸ்காபரோவில், பாண் சுடுகிற இந்த ஃபக்டரியில் பதினொரு வருடமாகப் பொதி கட்டுகிறார். இனி ஆட்களை மேய்க்கப்போகிற லீட் ஹாண்ட் யார் என்று வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறார்கள். போட்டியில் இருப்பது இரண்டே பேர், அவரும் போர்த்துக்கல்காரி லூர்தெஸும். அந்த நேரம் பார்த்து அவளும் ஒரு கொலம்பியாக்காரியும் ஒரு இத்தாலிக்காரியும் சாப்பாட்டு அறையில் இவரைப் பார்த்துப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள். ஆளுக்கொரு பாஷை. அந்தச் சொல் மட்டும் மூன்று வாயிலும் வருகிறது.

போனில் தேடினார். போர்த்துக்கேயத்திலும் ஸ்பானிஷிலும் கொன்வெர்சார், இத்தாலியனில் கொன்வெர்சாரே. கருத்து, கதைப்பது.

"பாத்தியே அன்புராசா," என்றார் பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம். "மூண்டு நாட்டுக்காரியளுக்கும் கதைக்கிறதுக்கு ஒரே சொல்லு. உது தற்செயலே?"

"லத்தீனில இருந்து வந்ததாம் அண்ணை. மகள் சொன்னவள்."

"லத்தீனோ கித்தீனோ, கூட்டுக் களவு. ஆளை முன்னால வைச்சுக்கொண்டு அவனுக்கு விளங்காத பாசையில கதைக்கிறது பண்பே? வளர்ப்புச் சரியில்லை. உந்த இத்தாலிக்காரி சாப்பிடுற வடிவைப் பார். மாடு அசைபோடுற மாதிரி."

இத்தாலிக்காரி நிமிர்ந்து புன்னகைத்தாள். இவரும் புன்னகைத்தார்.

அன்றைக்கே சுப்பர்வைசர் ஸ்டெபனியிடம் போய்க் கைச்சாடையாலும் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லாலும் முறையிட்டார். முப்பது வயதும் வராத மாநிறப் பெண். வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான். கயானாக்காரி என்று இவராகவே முடிவுகட்டியிருந்தார். அடுத்த நாள் காலையே சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டாள். சாப்பாட்டு அறையில் ஆங்கிலம் மட்டும்.

பெண்கள் மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கனகசிங்கத்துக்குப் பரம திருப்தி. அது இரண்டு நிமிடம் நின்றது.

"அன்புராசா, நேற்றுக் கோயிலில நடந்த சண்டை..." என்று அவர் தொடங்கியதும் லூர்தெஸ் எழுந்து போய் நோட்டீசை விரலால் தட்டிக் காட்டினாள்.

என்ன அநியாயம் இது. நோட்டீசைக் கேட்டு வாங்கினவருக்கும் அதே சட்டமா? அவருடைய ஆங்கிலம் குட் மோர்னிங்கில் தொடங்கி நோ புரொப்ளத்தில் முடிந்துவிடும். கோயில் சண்டையும் மச்சான் பிக்கரிங்கில் வாங்கிய வீடும் நெஞ்சுக்குள் கிடந்து புளித்தன. மூன்றாம் நாள் சோறே இறங்கவில்லை. அந்த நேரம் மனைவி நாகமணி வீட்டிலிருந்து போன் எடுத்தாள். லூர்தெஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யெஸ்... ஓகே... லேட்டர்" என்றார்.

"பக்கத்தில ஆர் பொம்பிளை நிக்கிறாள்?" என்று கேட்டாள் நாகமணி. அன்று பின்னேரத்தில் இருந்து வீட்டிலும் பேச்சு நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அன்புராசாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு ஸ்டெபனியின் அறைக்குப் போனார். லீட் ஹாண்டுக்கு ஆளைப் பற்றி எழுதும் ஃபோம் அவளுடைய மேசையில்தான் கிடந்தது.

"நோட்டீசைக் கழட்டச் சொல்லு," என்றார் அன்புராசாவிடம். "லீட் ஹாண்ட் ஆன கையோட அந்த மூண்டு சனியனுகளையும் நைட் ஷிப்டுக்குத் தள்ளுறன். உந்தக் கயானாக்காரிக்கும் தலைக்குள்ள ஒண்டுமில்லை. முதலாளியைக் காக்கா பிடிச்சுத்தான் உந்தக் கதிரையில இருக்கிறாள். நீ பண்பாச் சொல்லு, என்ன."

அன்புராசா தொண்டையைச் செருமினான். கனகசிங்கம் அந்த மூவரையும் கூடப்பிறந்த சகோதரிகளாக மதிக்கிறார், மேடத்தின் திறமையைப் பற்றி வீட்டிலும் கதைப்பார், நோட்டீசை மட்டும் எடுத்துவிட்டால் புண்ணியம் என்று ஆங்கிலத்தில் ஒப்புவித்தான். கனகசிங்கம் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத் தலையாட்டினார்.

ஸ்டெபனி ஃபோமைத் தன் பக்கம் இழுத்துப் பேனையை எடுத்தாள்.

"அங்கிள், இதில நான் அன்புராசா அண்ணை சொன்னதை எழுதட்டோ, நீங்கள் சொன்னதை எழுதட்டோ?"