தாம்பாளத்துக்கு ஏற்ற லேப்டாப்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நாற்பத்தாறு வயதில் இதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் வாய்விட்டு ஒப்புக்கொண்டிருந்தால், ஒரு பெண் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று அழுதிருக்க மாட்டாள்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் கிழியாமல் உருவி எடுப்பேன். என் தொழில்நுட்ப அறிவு மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் சொந்தபந்தத்தில் எனக்குக் 'கம்ப்யூட்டர் மாமா' என்று பெயர். அவர்களாக வைத்த பெயர். (நான் மறுக்கவில்லை. சும்மா வருகிற பட்டத்தை எவன் வேண்டாம் என்பான்?)

அலங்காநல்லூர் பக்கம் வாக்கப்பட்டுப் போன என் அக்கா வசந்தா அப்போது புது வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தாள். கூடப் பிறந்தவன் நான்தான் சீர் கொண்டுபோக வேண்டும். அதே சமயத்தில் அவள் மகள் கயலுக்கு மதுரையில் ஆர்க்கிடெக்சர் படிக்க இடம் கிடைத்தது.

“பீரோ, கட்டிலு எதுவும் வேணாம்டா முருகேசா. இவளுக்கு ஒரு லேப்டாப்பு எடுத்துக் குடு. அம்புட்டுதான்” என்றாள் அக்கா.

கயல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். முத்து முத்தான கையெழுத்து. 'ரேம் பதினாறு ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு. திரை பதினைந்து இஞ்ச் போதும். எடை குறைவாக இருந்தால் நல்லது.'

“கட்டடத்தை எல்லாம் த்ரீடியில வரையணும் மாமா. அந்த சாஃப்ட்வேர் சாதா லேப்டாப்ல ஓடாதாம். சீனியர் அக்கா சொன்னாங்க.”

“மாமனுக்கே பாடம் எடுக்குறியா?” என்று சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

காளவாசல் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கையில் பித்தளைத் தாம்பாளம். சிரிக்காதீர்கள். சீர் என்றால் தட்டில் வைத்து, மேளம் முன்னே போக, ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவது. இந்தத் தடவை எனக்குப் போட்டி வேறு. மச்சானுடைய தங்கை வீட்டுக்காரர் செல்லப்பாண்டி சுவரை மறைக்கிற டிவி எடுத்துவிட்டார் என்று தகவல் வந்திருந்தது.

கடையில் இருந்த பெண் சீட்டைப் படித்து, அக்கா மகள் படிப்புக்கு, த்ரீடியில் வரைய என்று நான் சொன்னதையும் கேட்டுவிட்டு நேராகப் போய் ஒரு கறுப்பு லேப்டாப்பை எடுத்து வந்தது. சீட்டில் இருந்த அத்தனையும் அதில் இருந்தது. கையில் வாங்கித் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வாழை இலையில் ஒற்றை இட்லி வைத்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் பதினேழு இஞ்சில் வெள்ளி நிறத்தில் ஒன்று பளபளத்தது. அதை வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கு விளிம்பு கச்சிதம்.

“சார், அது படம் பாக்க, டைப் பண்ணத்தான். ரேம் எட்டுதான். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நீங்க சொல்ற சாஃப்ட்வேர் இதுல திணறும். வெலை ரெண்டும் ஒண்ணுதான், பேசாம கறுப்பையே எடுங்க.”

“ஏம்மா, இம்புட்டுப் பெருசுல ஓடாதது அந்தச் சின்னதுல ஓடிருமா?” என்றேன். (ஆமாம், கேட்டேன். கூசாமல் கேட்டேன்.)

“படிக்கப்போறவங்கள ஒரு வார்த்தை கேட்டுருங்க சார்.”

கேட்கவில்லை. தாம்பாளம் சொன்னதைத்தான் கேட்டேன்.

பால் காய்ச்சும் நாளில் மேளம் முழங்க, மாலை போட்ட லேப்டாப்போடு தெருவில் நடந்தேன். மூடியில் மூன்று சந்தனப் பொட்டு. வாசலில் மைக் பிடித்திருந்த அண்ணன், “தாய்மாமன் சீருல என்ன வருதுன்னு சொல்லுங்கண்ணே, வாசிச்சிருவோம்” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பர்ஸில் இருந்த கயலின் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“தாய்மாமன் முருகேசன் அவர்கள் கொண்டுவரும் லேப்டாப்! ரேம் பதினாறு ஜிபி! தனி கிராபிக்ஸ் கார்டு!”

நாலு தெருவுக்குக் கேட்டது. செல்லப்பாண்டியின் முகம் சுருங்கியது. பந்தலில் ஒரு பெரியவர், “கார்டு தனியாவா? அது எந்தத் தட்டுல வருது?” என்று எட்டிப் பார்த்தார். நான் கயலைப் பார்த்தேன். கண் கலங்கிப்போய் நின்றாள். ஓடி வந்து காலில் விழுந்தாள். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் திருநீறு எடுத்துப் பூசி, “நல்லா வரணும்” என்று ஆசீர்வாதம் செய்தேன். வெட்கங்கெட்ட கை இது.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

“மாமா, ஒரு சந்தேகம். மைக்ல ரேம் பதினாறுன்னு வாசிச்சாங்கல்ல, இதுல எட்டுன்னுதான் காட்டுது. நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனா?”

பெரிய மனுஷன் என்ன பதில் சொன்னான் தெரியுமா?

“புதுசும்மா அது. போகப் போக ஏறும்.”

“அப்படியா மாமா? சரி மாமா.”

நம்பிவிட்டாள். கம்ப்யூட்டர் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு செமஸ்டர் முழுக்க ரேம் ஏறுவதற்காகக் காத்திருந்தாள். காலேஜ் பையில் அது நுழையவில்லை. துணிக்கடைக் கட்டைப்பையில் போட்டு, தினமும் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிப் போனாள். நானோ அவள் போன் வந்தால் பாதி நேரம் எடுக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். “டேய், இவ படிப்ப விடப்போறாளாம். எனக்கு இது வராதும்மாங்குறா. சோறு தண்ணி இல்லாம கெடக்கா. நீ கொஞ்சம் வந்து சொல்லு.”

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கயல் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அவள் வரைந்த ஒரு பள்ளிக்கூடம். முற்றத்தில் வேப்பமரம், சுற்றிலும் வகுப்பறைகள். அதைத் திருப்பப் பார்த்தாள். பாதி திரும்பி, மரம் அந்தரத்தில் தொங்க, அப்படியே உறைந்துபோனது. மூடியில் அந்த மூன்று சந்தனப் பொட்டின் கறை மட்டும் இன்னும் இருந்தது.

“கூடப் படிக்கிற எல்லாரும் முடிச்சிட்டாங்க மாமா. ரிவ்யூல சார் முன்னால என்னோடது மட்டும் திறக்கவே இல்ல. எனக்குத்தான் வேகம் பத்தல. நீங்க இம்புட்டு நல்ல லேப்டாப் வாங்கிக் குடுத்தும் எனக்கு வரல பாருங்க.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்கா, மச்சான், யதேச்சையாக வந்து உட்கார்ந்திருந்த செல்லப்பாண்டி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சீட்டு, தாம்பாளம், எட்டு ஜிபி, ஒன்றையும் விடவில்லை. “ஒனக்கு வராம இல்லம்மா. ஒன் மாமனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது” என்றேன்.

அக்கா கையில் இருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மச்சான்தான் கேட்டார், “அப்ப அந்த எட்டு, போகப் போக ஏறாதா மாப்ள?”

கயல்தான் முதலில் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அடி விழுந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று லேப்டாப்பைத் தூக்கினேன். “சபையில வச்ச சீரத் திருப்பித் தூக்கிட்டுப் போவியா? வையிடா கீழ!” என்று அக்கா கத்தினாள். அது அங்கேயே தங்கிவிட்டது. இன்றுவரை மச்சான் அதில் ஜல்லிக்கட்டு வீடியோ பார்க்கிறார். மாடு தெளிவாகத் தெரிகிறதாம்.

மறுநாள் கயலோடு அதே கடைக்குப் போனேன். அதே பெண். “தாம்பாளம் எங்க சார்?” என்று கேட்டது. கயல் ஐந்து நிமிடத்தில் அந்தக் கறுப்பு லேப்டாப்பை எடுத்தாள். மறு ரிவ்யூவில் வேப்பமரம் நன்றாகச் சுற்றியது. படிப்பை விடவில்லை, இப்போது கடைசி வருடம்.

எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தால், மகன் கணக்கில் குறைந்த மார்க் வாங்கினால், என் சம்பளம் பற்றிப் பேச்சு வந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். போகப் போக ஏறும்.

போன மாதம் ஆனையூரில் இருக்கும் என் வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. பிளான் போட்டுத் தர கயல் வந்தாள். வந்ததும் ஒரு தாளை நீட்டி, “என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க மாமா” என்றாள். எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, குடும்பமே கூடியிருந்தபோது பிளானைக் கொண்டுவந்தாள். துளசிமாடம், செருப்பு வைக்க இடம், நான் போகிறபோக்கில் எழுதிய மின்விசிறி வரை ஒன்றுவிடாமல் போட்டிருந்தாள். ஒரே ஒரு குறைதான்.

“ஏம்மா, என் ரூமு இம்புட்டுச் சின்னதா இருக்கே?”

அவள் நான் எழுதிய சீட்டை எடுத்து விரித்துக் காட்டினாள். பத்துக்குப் பத்து. என் கையெழுத்தேதான். “நீங்க எழுதுனபடியே போட்டிருக்கேன் மாமா” என்றாள். எனக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளே சொன்னாள்: “கவலப்படாதீங்க. போகப் போக ஏறும்.”