அண்ணன் கல்யாணத்தில் கடலோடிகள்

வரலாறு படித்தவனைக் கல்யாண வீட்டில் பேச விடக்கூடாது. இதை நான் சொன்னால் நம்பலாம். அப்படிப் பேசிய ஆளே நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலில் கப்பலேறி வந்து எகிப்தையே மிரட்டிய கடலோடிப் போர்வீரர்கள்மேல் எனக்குப் பைத்தியம். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றைக்கும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதில் ஷெர்டன் என்று ஒரு கூட்டம். சார்டினியா தீவிலிருந்து வந்ததால் அந்தப் பேரா, இல்லை இவர்கள் போய்க் குடியேறியதால் தீவுக்கு அந்தப் பேரா என்று அறிஞர்களுக்குள் அடிதடி. (வீட்டில் இதைக் கேட்க ஒரு நாதியில்லை.)

நாங்கள் சௌராஷ்டிரர்கள். எங்கள் கல்யாணத்தில் ஒரு பழைய சம்பிரதாயம் உண்டு. எங்கிருந்து வருகிறீர்கள் என்று பெண் வீட்டார் கேட்க, சௌராஷ்டிரம், தேவகிரி, விஜயநகரம், மதுரை என்று முன்னோர் வந்த வழியைப் பிள்ளை வீட்டார் ஒப்பிக்க வேண்டும். அருகிப்போன வழக்கம்தான். ஆனாலும் அண்ணனுக்குப் பெண் கொடுத்தவர்கள் கேட்டே தீருவோம் என்றார்கள். பதில் சொல்லவேண்டிய பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட, "படிச்ச பய, நீ சொல்லுடா" என்று அப்பா என்னைத் தள்ளிவிட்டார்.

மதுரையில் காளவாசல் பக்கம் மண்டபம். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. பெண்ணின் மாமா மீசையைத் தடவியபடி கேட்டார். (பேசியது சௌராஷ்டிரத்தில், உங்களுக்காகத் தமிழில்.)

"எங்கேருந்து வாரீங்க?"

"உறுதியாச் சொல்ல முடியாது மாமா" என்றேன்.

மேளம் நின்றது.

"பேரு ஒத்துப்போகுதுங்கிறதுக்காக அங்கேருந்துதான் வந்தோம்னு சொல்லிர முடியாது. இப்ப ஷெர்டன்னு ஒரு கூட்டம்..."

அவர்களைச் செதுக்கிவைத்திருக்கும் எகிப்துக் கோயில் சுவர்வரை போய்விட்டேன். மாமாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த ஊருன்னே தெரியாத கூட்டத்துக்கா பொண்ணு குடுக்குறோம்?" என்று அவர் எழுந்தே விட்டார். அப்பா கையெடுத்துக் கும்பிடுகிறார். பெரியப்பா வாயசைக்கிறார், காற்றுதான் வருகிறது. நல்ல நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. மணையிலிருந்து அண்ணன் பார்த்த பார்வையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காப்பாற்றியது கல்யாணப் பெண்தான். மாலையோடு உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"மாமா, இவுங்க இந்தா இருக்கிற செல்லூர்லருந்து வாராங்க. வீட்ட நானே பாத்திருக்கேன். தாலியக் கட்டச் சொல்லுங்க."

(எப்போது பார்த்தார் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.) கெட்டிமேளம் கொட்டியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அந்தக் கேள்வி வருமுன் அண்ணி என் வாயில் ஒரு ஜாங்கிரியைத் திணித்துவிடுவார். என் கல்யாணத்திலும் அதே கதைதான். மாப்பிள்ளை தாலி கட்டும்வரை பட்டினி இருக்கவேண்டுமே என்று ஐயர் முனகினார்.

"இவன் பேசுறதுக்கு இது தேவல சாமி" என்றார் அண்ணன்.