வினோஜாவின் இழுப்பும் வெள்ளைப் பெட்டியும்

உருத்திரபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ராஜினிச் சின்னம்மாவுக்கு,

பெறாமகள் பிரஷாந்தினி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். வவுனியா ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இரவுக் கடமை குறைய வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். நடந்தவை அனைத்தையும் இக்கடிதத்தில் உண்மையாகப் பதிவு செய்வேன். தொலைபேசியில் சொன்னால், எங்கள் வீட்டில் நின்று படிக்கும் உங்கள் மகள் வினோஜா பக்கத்தில் நின்று கேட்பாள். விஷயமே அவளைப் பற்றியதுதான்.

கார்த்திகைப் புயலில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஓடுகள் பறந்து சுவரும் வெடித்தது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒன்பதாம் தரத்தின் இரண்டு வகுப்புகளும், என்னுடைய 'அ'வும் வினோஜாவின் 'ஆ'வும், வீதியோரத் தகரக் கொட்டகையில்தான். போன கிழமை லொறியில் ஒரு தற்காலிக வகுப்பறை வந்து இறங்கியது. வெள்ளைப் பெட்டி. உள்ளே மின்விசிறி, விளக்கு, புதுக் கதிரைகள், புத்தகம் வைக்க ஒரு தட்டுக்கூட இருந்தது, சின்னம்மா! வெள்ளத்தில் ஊதிப்போன நூலகப் புத்தகங்களை வெயிலில் வைத்துத் தாள் தாளாகப் பிரித்தவள் நான். அந்தத் தட்டு யாருக்கு உரியது என்று நீங்களே சொல்லுங்கோ.

ஆனால் வந்தது ஒரு பெட்டிதான். அதிபர் தில்லைநாதன் சேர், "தூசியிலை இருக்கேலாத பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். கையைத் தூக்கலாமா என்று நான் மனச்சாட்சியோடு ஆலோசித்துக்கொண்டிருக்க, வினோஜா எழும்பி, "எனக்கு இழுப்பு சேர்" என்று சொல்லி, ஒருதரம் மூச்சை இழுத்தும் காட்டினாள். ஆட்டுக்குட்டி கத்தியது போல இருந்தது. அவளுக்கு இழுப்பாம்! எங்கள் நாயைத் துரத்திக்கொண்டு வாய்க்கால்வரை ஓடுகிறவள். சேர் நம்பிவிட்டார், பெட்டி 'ஆ'வுக்குப் போனது. எனக்குப் பொறாமை இல்லை. மின்விசிறிக் காற்றில் அவளுடைய கொப்பித் தாள் படபடப்பது கொட்டகையிலிருந்து தெரிகிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தும், "பெட்டிக்குள்ளை குளிருது அக்கா, இனிச் சுவெற்றர் கொண்டுபோகவேணும்" என்கிறாள். மாசி வெயிலில் சுவெற்றராம்!

நேற்றுத்தான் குடிபுகுந்தார்கள். புது இடத்துக்குப் பால் காய்ச்சாமல் போகலாமா? "முற்றத்திலை காய்ச்சினால் முற்றத்துக்குத்தான் குடிபோனமாதிரி" என்று சேர் சொல்ல, பெட்டிக்கு நடுவிலேயே கல் வைத்து, பானை ஏற்றி, தென்னம்பாளையை மூட்டினார்கள். நிலம் பிளாஸ்டிக் விரிப்பு. பாலுக்கு முன்னர் நிலம் பொங்கியது. கூரையிலிருந்த புகை மணி அலறத் தொடங்கியது, சேர் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், கற்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன, இன்றைக்கும் ரீச்சர் அவற்றைச் சுற்றித்தான் நடக்கிறா. நாங்கள் கொட்டகையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தோம். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் பசி எடுத்தது. அப்போதுதான் கண்டேன்: எல்லோரும் இருமுகிறார்கள், வினோஜா மட்டும் புகைக்குள் நின்று, "பொங்கீற்றுது! பொங்கீற்றுது!" என்று துள்ளுகிறாள். ஒரு இழுப்பும் இல்லை!

ஆகவே சின்னம்மா, நீங்கள் தாதி, உங்கள் சொல்லைச் சேர் தட்டமாட்டார். "என் மகளுக்கு இழுப்பு இல்லை" என்று ஒரு வரி அனுப்புங்கோ. பெட்டி எங்கள் வகுப்புக்கு வந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. கால் வீங்காமல் வேலை செய்ய வேண்டுகிறேன்.

உண்மையை மட்டுமே எழுதும்,
பிரஷாந்தினி

பி.கு.: திங்கட்கிழமை. இதைத் தபாலில் போடுவதற்குள் சேர் கூப்பிட்டார். "பிள்ளை, உமக்கு இழுப்புக் கடுமையாமே? ஏன் சொல்லேல்லை? 'எனக்கு வாறதைவிட அக்காவுக்குத்தான் கூட'வெண்டு வினோஜா அழுதுபோட்டாள்" என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இழுப்பு வந்துவிட்டது. இப்போது பெட்டிக்குள் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். புத்தகத் தட்டும் என் பொறுப்பு. மேலே உள்ள எதையும் நம்பவேண்டாம். சேர் கேட்டால் எங்கள் குடும்பத்துக்கே இழுப்பு என்று சொல்லுங்கோ. குளிரத்தான் செய்கிறது, என்னுடைய சுவெற்றரை அவள் போட்டிருக்கிறாள். இன்னும் எழுதலாம், ஆனால் பள்ளிக்கூடம் விட்டாயிற்று. கொட்டகையில் சாத்த யன்னலோ அணைக்க விளக்கோ இருக்கவில்லை. இங்கே யன்னல்களைச் சாத்தி, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.